காய்ச்சல் நின்றதும் மாத்திரையும் நின்றது – மலேரியா மருந்து கடந்து வந்த பாதை

மலேரியாவுக்கு மருந்து இல்லாமல் இல்லை. தென் அமெரிக்காவின் சின்கோனா மரப்பட்டை ஐரோப்பாவுக்குப் போனது 17ஆம் நூற்றாண்டில். அந்தப் பட்டையிலிருந்து குயினைனைத் தனியாகப் பிரித்தெடுத்தது 1820இல். ஆகவே மருந்துக்கு வயது இருநூறைத் தாண்டிவிட்டது. அப்படியிருந்தும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் மட்டும் உலகில் சுமார் 26 கோடி பேருக்கு மலேரியா வந்தது. சுமார் 5,97,000 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில், ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தைகள்.

மருந்து இருந்தும் ஏன் இந்த நிலை? இரண்டு காரணங்கள் சொல்வார்கள். ஒன்று, மருந்து நோயாளியின் கைக்குப் போய்ச் சேருவதில்லை. இரண்டு, கைக்குப் போன மருந்து முழுதாக வயிற்றுக்குள் போவதில்லை. முதலாவதற்கு அரசாங்கத்தையும் கம்பெனிகளையும் திட்டுவார்கள். இரண்டாவதற்கு நோயாளியைத் திட்டுவார்கள். "படிப்பறிவு இல்லாத ஜனங்கள், சொன்னால் கேட்க மாட்டார்கள்" என்று பேச்சு முடிந்துவிடும். ஆனால் இந்த இருநூறு வருடக் கதையைப் புரட்டிப் பார்த்தால், பாதியில் மாத்திரையை நிறுத்துகிறவர் அவ்வளவு முட்டாள் இல்லை என்று தெரிகிறது. அவர் போடுவது ஒரு சிக்கனக் கணக்கு. அந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட திட்டங்கள் ஓரளவு ஜெயித்தன. புரிந்துகொள்ளாதவை தோற்றன.

நீலகிரிக்கு வந்த மரம்

19ஆம் நூற்றாண்டின் பாதி வரை சின்கோனா பட்டை ஆண்டிஸ் மலைக் காடுகளிலிருந்து மட்டுமே கிடைத்தது. இந்தியாவில் தன் சிப்பாய்களையும் அதிகாரிகளையும் மலேரியாவுக்குப் பறிகொடுத்துக் கொண்டிருந்த பிரிட்டிஷ் அரசு, மரத்தையே இங்கே கொண்டுவரத் தீர்மானித்தது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவர் தலைமையில் ஆட்கள் போனார்கள். மார்க்கம் பெருவிலிருந்து கொண்டுவந்த செடிகள் பிழைக்கவில்லை. ரிச்சர்ட் ஸ்புரூஸ் எக்வடாரில் சேகரித்து அனுப்பியவை 1861இல் ஊட்டிக்கு வந்து பிழைத்துக்கொண்டன. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டம் தோட்டத்தில் சீனக் கைதிகளை வேலை வாங்கினார்கள் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

மரம் வளர்ந்ததும் ஒரு நல்ல காரியம் நடந்தது. சின்கோனா பட்டையில் குயினைன் மட்டுமல்ல, அதன் தாயாதிகளாக இன்னும் மூன்று முக்கியமான சத்துக்கள் உண்டு. அவையும் வேலை செய்யுமா என்று 1866 முதல் 1868 வரை சென்னை, பம்பாய், கல்கத்தா மாகாணங்களில் 2,472 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். நான்குமே பெரும்பாலானவர்களுக்குக் காய்ச்சலை நிறுத்தின. சுத்தமான குயினைன்தான் வேண்டும் என்பதில்லை, நான்கும் கலந்த மலிவான தூளே போதும் என்று இதனால் தெரிந்தது. டார்ஜிலிங் பக்கத்தில் மங்பூவிலும் நீலகிரியில் நடுவட்டத்திலும் அரசாங்கத் தொழிற்சாலைகள் வேலை செய்தன.

இதற்கிடையில் சந்தையிலும் ஒரு புரட்சி. சார்லஸ் லெட்ஜர் என்ற வியாபாரி 1865இல் பொலிவியாவிலிருந்து கிடைத்த உயர்ரக விதைகளை டச்சுக்காரர்களுக்கு விற்றார். ஜாவாவில் அவை செழித்தன. இலங்கையில் காப்பிச் செடிகள் பூஞ்சை நோயில் அழிந்தபோது தோட்ட முதலாளிகள் அவசர அவசரமாகச் சின்கோனாவுக்கு மாறினார்கள். 1886 வாக்கில் இலங்கை வருடத்துக்குச் சுமார் ஒன்றரைக் கோடி பவுண்டு பட்டையை ஏற்றுமதி செய்தது. எல்லோரும் ஒரே பொருளைச் சந்தையில் கொட்டினால் என்ன ஆகும்? விலை தரைமட்டமானது. முதலாளிகள் மரத்தை வெட்டிவிட்டுத் தேயிலை நட்டார்கள். அவர்களுக்கு நஷ்டம். ஆனால் காய்ச்சல்காரனுக்கு இதுவே முதல் நல்ல செய்தி, மருந்து மலிந்துவிட்டது.

தபாலாபீஸில் காலணா பொட்டலம்

மலிந்தால் மட்டும் போதாதே, கிராமத்துக்கு யார் கொண்டுபோவது? கல்கத்தா தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த ஜார்ஜ் கிங் அருமையான ஒரு வழி கண்டுபிடித்தார். மருத்துவமனை இல்லாத கிராமத்திலும் தபாலாபீஸ் இருக்கிறது. போஸ்ட் கார்டு விற்கிறவரே குயினைனும் விற்கட்டும்! 1892இல் வங்காளத்தில் இது தொடங்கியது. ஒரு வேளைக்கான தூள் ஒரு சின்னப் பொட்டலத்தில், விலை காலணா. பிறகு மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. நம் ஊர்ப் பெரியவர்கள் "கொய்னா" என்று சொல்வது இந்த மருந்தைத்தான்.

விநியோகம் என்ற அளவில் இது அபாரமான யோசனை. புதிதாகக் கடை திறக்காமல், ஆள் போடாமல், நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் சரக்கு போய்விடுகிறது. விலையும் ஏழைக்கு எட்டும் விலை. ஆனால் ஓட்டை ஒன்று இருந்தது. காலணாவுக்குக் கிடைத்தது ஒரு வேளை மருந்து. நாளைக்கு மூன்று வேளை, ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டால் 21 பொட்டலம் வேண்டும். அதாவது ஐந்தேகால் அணா. அன்றாடம் கூலி வாங்கிச் சாப்பிடுகிற ஆள், காய்ச்சலில் வேலைக்கும் போகாமல் படுத்திருக்கும்போது 21 பொட்டலம் வாங்குவாரா? இரண்டு மூன்று வாங்குவார். நடுக்கம் நிற்கும். அத்தோடு அவரும் நிறுத்திக்கொள்வார். மிச்சக் கிருமிகள் சில வாரங்களில் மறுபடி பெருகும்.

இன்று ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் விற்கிறார்கள். இந்த வாரம் ஒன்று வாங்கி, அடுத்த வாரம் வாங்காமல் விட்டாலும் தலைக்கு ஒன்றும் ஆகிவிடாது. முழு கோர்ஸாகச் சாப்பிட வேண்டிய மருந்தை அதே மாதிரி விற்றால், அந்தப் பொட்டலமே பாதியில் நிறுத்தச் சொல்லிக்கொடுக்கிறது. பொருளை எந்த அளவில் கட்டி விற்கிறோமோ, அந்த அளவில்தான் ஜனங்கள் உபயோகிப்பார்கள். இந்தப் பாடத்தை உலகம் கற்றுக்கொள்ள இன்னும் நூறு வருடம் ஆனது.

இலவசமாகக் கொடுத்தும் வாங்காத விவசாயிகள்

விலைதான் பிரச்சினை என்றால் இலவசமாகக் கொடுத்துவிடலாமே? இத்தாலி அதைத்தான் செய்தது. 1900ஐ ஒட்டி அங்கே வருடத்துக்குச் சுமார் 15,000 பேர் மலேரியாவில் இறந்துகொண்டிருந்தார்கள். ஏஞ்சலோ செல்லி என்ற மருத்துவப் பேராசிரியர், நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர், "அரசுக் குயினைன்" சட்டம் வரக் காரணமாக இருந்தார். உப்பும் புகையிலையும் அரசு மட்டுமே விற்கும் சரக்குகள். அந்தக் கடைகளிலேயே அரசு தயாரித்த குயினைனும் கட்டுப்படுத்திய விலைக்கு விற்கப்பட்டது. 1904இலிருந்து மலேரியாப் பகுதித் தொழிலாளர்களுக்கு இலவசம்.

ஆனால் பல விவசாயிகள் வாங்க மறுத்தார்கள்! இதுநாள் வரை வரி வசூலிக்கவும் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கவும் மட்டுமே ஊருக்குள் வந்த சர்க்கார், திடீரென்று காசு வாங்காமல் ஒரு கசப்பு மாத்திரையை நீட்டுகிறது. ஏழைகளை ஒழித்துக்கட்ட விஷம் கொடுக்கிறார்கள் என்று வதந்தி பரவியது. போதாததற்குக் குயினைன் சாப்பிட்டால் காது இரையும், குமட்டும், தலை சுற்றும். வாயில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போய்த் துப்பியவர்கள் உண்டு. மாத்திரையை வெளியே விற்றுக் காசாக்கியவர்களும் உண்டு.

செல்லியும் அவர் மனைவி ஆன்னாவும் அவர்களுடைய நண்பர்களும் இதற்குத் திட்டுவதை மருந்தாக எடுத்துக்கொள்ளவில்லை. கிராமங்களில் சுகாதார நிலையங்களும், வயல் வேலை செய்பவர்களுக்குப் பள்ளிக்கூடங்களும் திறந்தார்கள். எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்களே மருந்தும் கொடுத்தார்கள். குழந்தைகளுக்குக் கசப்பு தெரியாமல் குயினைன் கலந்த சாக்லேட் வந்தது. முதல் உலகப் போருக்கு முன்பே மரணங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. போர் வந்து மருந்தும் மருத்துவர்களும் போர்முனைக்குப் போனதும் நோய் மறுபடி தலைதூக்கியது. விலை பூஜ்யமானாலும் நம்பிக்கை இல்லாவிட்டால் மாத்திரை தொண்டைக்குள் இறங்காது என்பதை இத்தாலி காட்டியது.

இலங்கை 1934 – மருந்தோடு கொஞ்சம் பருப்பும்

1934இல் இலங்கையில் மழை பொய்த்தது. ஓடுகிற ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. கொசு பெருகியது. அந்த வருடக் கடைசியில் கேகாலை, குருநாகல் பகுதிகளில் பரவிய மலேரியா, 1935க்குள் சுமார் 80,000 பேரைக் கொன்றது. மருந்து தெரியாத காலம் அல்ல அது. ஆனால் மருந்து எங்கோ ஆஸ்பத்திரியில் இருந்தது, நோயாளிகள் நடக்க முடியாமல் குடிசையில் கிடந்தார்கள்.

அப்போது சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் மருந்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். போன இடத்தில் பார்த்தது பசி. பசித்த உடம்பில் மருந்து மட்டும் போட்டு என்ன பயன்? எனவே மருந்தோடு பருப்பும், சத்துக்காக மார்மைட் உருண்டைகளும் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான என்.எம். பெரேராவுக்கு "பருப்பு மாத்தையா" என்றே பெயர் வந்துவிட்டது. பருப்பு ஐயா என்று அர்த்தம். 1936 தேர்தலில் கேகாலைப் பக்கத்து ருவன்வெல தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். அதே இலங்கை, 2016இல் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கியது.

தளபதி இருந்தால் விழுங்குவார்கள்

1930களில் உலகக் குயினைனில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவிலிருந்து வந்தது. 1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் நேச நாடுகளுக்குக் குயினைன் நின்றது. பதிலாக மெபாக்ரின் என்ற செயற்கை மருந்தைச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். தோல் மஞ்சளாகும். ஆண்மை போய்விடும் என்று வேறு வதந்தி. சிப்பாய்கள் துப்பினார்கள்.

பர்மா முனையில் ஜெனரல் ஸ்லிம்மின் படையில் 1943இல் காயம்பட்டு வெளியேற்றப்பட்டவர் ஒருவர் என்றால், நோயால் வெளியேற்றப்பட்டவர்கள் 120 பேர். ஸ்லிம் என்ன செய்தார் தெரியுமா? திடீர்ச் சோதனை. ஒரு படைப்பிரிவில் எல்லோரையும் பரிசோதித்து, 95 சதவீதம் பேர் உடம்பிலாவது மருந்து இல்லையென்றால் சிப்பாயைத் தண்டிக்கவில்லை, அந்தப் பிரிவின் அதிகாரியை வேலையை விட்டுத் தூக்கினார். மூன்று பேரைத்தான் தூக்க வேண்டியிருந்தது. மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது!

பொறுப்பை நோயாளியின் தலையில் வைக்காமல் கொடுப்பவரின் தலையில் வைத்தார் என்பதுதான் இதில் விசேஷம். ஆனால் பட்டாளத்துக்குத் தளபதி இருக்கிறார். வீட்டில் தனியாகக் காய்ச்சலோடு படுத்திருக்கிறவருக்கு யார் தளபதி?

உப்பிலேயே கலந்துவிட்டால்?

1934இல் ஜெர்மனியில் உருவான குளோரோகுயின் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உலகம் முழுவதும் பரவியது. மூன்றே நாள் கோர்ஸ். விலையும் பிற்காலத்தில் பெரியவர் ஒருவருக்குப் பத்து அமெரிக்க சென்ட் அளவுக்கு இறங்கியது. விலைப் பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தார்கள்.

1950களில் பிரேசிலில் மாரியோ பினோட்டி என்பவருக்கு ஒரு யோசனை. மாத்திரையை மறப்பார்கள், உப்பை மறப்பார்களா? சமையல் உப்பிலேயே குளோரோகுயினைக் கலந்து அமேசான் பகுதியில் விநியோகித்தார்கள். கம்போடியாவின் பைலின் பகுதி உட்பட வேறு இடங்களிலும் இது பின்பற்றப்பட்டது. கேட்பதற்கு மிகவும் புத்திசாலித்தனமான திட்டம். ஆனால் உப்பு எல்லோர் உடம்புக்கும் ஒரே அளவில் போகாது. குழந்தைக்குக் குறைவாகப் போகும். கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் அதற்குப் பழக்கம் ஏற்படுத்தப் போதுமான அளவு மருந்து வருடக்கணக்கில் ரத்தத்தில் ஓடியது.

1950களின் கடைசியில் தாய்லாந்து-கம்போடிய எல்லையிலும் கொலம்பியாவிலும் குளோரோகுயினுக்கு அடங்காத கிருமி தோன்றியது. உப்புத் திட்டம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்கும் பங்கு இருந்திருக்கும் என்று பல ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். 1970களின் இறுதியில் இந்தக் கிருமி கிழக்கு ஆப்பிரிக்காவை எட்டியது. அடுத்த இருபது வருடங்களில், வேலை செய்யாத அந்தப் பத்து சென்ட் மாத்திரையை விழுங்கியே ஏராளமான ஆப்பிரிக்கக் குழந்தைகள் இறந்தார்கள்.

மூன்று நாள் ஏன்?

சீனாவில் 1967இல் ராணுவத் தேவைக்காகத் தொடங்கிய ரகசியத் திட்டம் ஒன்றில், தூ யூயூ பழைய மருத்துவ நூல்களைப் புரட்டி ஒரு செடியிலிருந்து ஆர்டெமிசினினைப் பிரித்தெடுக்க வழி கண்டார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதை இன்னொரு மருந்தோடு சேர்த்துத் தருவதுதான் இன்றைய கூட்டுச் சிகிச்சை.

இதன் கணக்கு சுவாரஸ்யமானது. கடுமையான காய்ச்சலில் இருப்பவரின் உடம்பில் ஒரு லட்சம் கோடி கிருமிகள் வரை இருக்கலாம். 48 மணி நேரத்தில் ஆர்டெமிசினின் அதைச் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்கும். அதாவது பத்துக் கோடி. இன்னொரு 48 மணி நேரச் சுற்றையும் மருந்து தொட்டால் பத்தாயிரம். அந்த மிச்சத்தை உடம்பில் பல நாள் தங்கும் கூட்டாளி மருந்து தீர்க்கும். ஆனால் காய்ச்சல் எப்போது விடும்? பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாளிலேயே! நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்கும் அந்த நேரத்தில் அவர் ரத்தத்தில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன. உடம்பு "சரியாகிவிட்டது" என்கிறது, கணக்கு "இன்னும் இல்லை" என்கிறது. மனிதன் உடம்பைத்தான் நம்புவான்.

மிஞ்சிய மாத்திரைகளை அவர் எறிவதும் இல்லை. அடுத்த காய்ச்சலுக்கு, அல்லது அடுத்த குழந்தைக்கு என்று எடுத்து வைக்கிறார். மாத்திரை வாங்க அரைநாள் நடந்து, ஒரு நாள் கூலியை இழந்தவர் செய்யும் சேமிப்பு அது. காசு தட்டுப்பாடான வீட்டில் எந்தப் பொருளையும் இப்படித்தானே மிச்சம் பிடிப்பார்கள்?

இதற்குக் கிடைத்த நல்ல பதில், பொட்டலத்தை மாற்றியதுதான். ஆர்டிமீத்தர்-லூமிஃபான்ட்ரின் மாத்திரை பெரியவருக்கு மொத்தம் 24. ஒரு வேளைக்கு நான்காக ஆறு வேளை. எடைக்கு ஏற்ப 6, 12, 18, 24 என்று நான்கு வித அட்டைகள் வந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவருக்காகப் படமும் போட்டார்கள். 2009இல் தண்ணீரில் கரையும் செர்ரி சுவை மாத்திரை குழந்தைகளுக்காக வந்தது. இந்தியாவிலும் வயதுக்கு ஒரு நிறமாக அட்டைகள் தயாரித்து ஆஷா பணியாளர்கள் மூலம் கொடுத்தார்கள். 2007இல் வந்த ஆர்டிசுனேட்-அமோடியாகுயின் கூட்டு மாத்திரைக்குக் காப்புரிமையே வாங்கவில்லை. அது குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஒன்று, மூன்று நாள். தபாலாபீஸ் பொட்டலம் ஒரு வேளையை விற்றது. இந்த அட்டைகள் முழு கோர்ஸை விற்கின்றன. ஆனால் சில்லறைக் கடைக்காரர் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி நான்கு மாத்திரை மட்டும் விற்றால் பழைய கதைதான்.

பொருளாதார நிபுணர் கொடுத்த மருந்துச் சீட்டு

அடுத்து மறுபடி விலை. 2001இல் நோவார்ட்டிஸ் கம்பெனி லாபமில்லாமல் அரசுகளுக்குத் தர ஒப்புக்கொண்ட விலையே பெரியவருக்கு 2.40 டாலர். பத்து சென்ட் எங்கே, 2.40 டாலர் எங்கே! தனியார் கடையில் அதைவிடப் பல மடங்கு. ஆப்பிரிக்கக் கிராமத்தான் காய்ச்சல் வந்தால் முதலில் போவது இந்தக் கடைக்குத்தான்.

2004இல் அமெரிக்காவில் ஒரு குழு இதற்கு வழி சொன்னது. குழுத் தலைவர் டாக்டர் அல்ல, கென்னத் ஆரோ என்ற நோபல் பரிசு பெற்ற பொருளாதார நிபுணர். நோயாளிக்கு மானியம் கொடுத்து அலைய வேண்டாம், தொழிற்சாலை வாசலிலேயே மானியம் கொடுத்துவிடுங்கள், பிறகு மருந்து வழக்கமான வியாபாரிகள் வழியாகத் தானாக மலிவாக இறங்கும் என்றார்கள். 2010இல் கென்யா, கானா, நைஜீரியா உட்படச் சில நாடுகளில் இதைச் செய்து பார்த்தார்கள். பச்சை இலைச் சின்னம் போட்ட அட்டைகள் வந்தன. கென்யாவில் 40 ஷில்லிங் என்று விலை அறிவித்தார்கள். பெரும்பாலான நாடுகளில் விலை குறைந்தது, கடைகளில் சரக்கும் கிடைத்தது.

குறை இல்லாமல் இல்லை. பரிசோதனை இல்லாமல் மலிவாகக் கிடைத்ததால் மலேரியாவே இல்லாத காய்ச்சலுக்கும் ஜனங்கள் இதை வாங்கினார்கள். வாங்கியவர் முழுதும் சாப்பிட்டாரா என்பதற்கு மானியத்தில் பதில் இல்லை. கானாவில் கைப்பேசிக் குறுஞ்செய்தி அனுப்பி நினைவூட்டிப் பார்த்தார்கள். கொஞ்சம் பலன் தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், சுருக்கமான நினைவூட்டலுக்குத்தான் பலன். கூடுதல் விளக்கம் சேர்த்து அனுப்பிய செய்தியால் கூடுதல் நன்மை இல்லை!

பதினான்கு நாள் என்னும் மலை

மூன்று நாளே இந்தப் பாடு என்றால், வைவாக்ஸ் மலேரியாவின் கதை இன்னும் மோசம். இந்தியாவில் அதிகம் காணப்படும் இந்த வகைக் கிருமி கல்லீரலில் ஒளிந்துகொண்டு மாதக்கணக்கில் தூங்கும். பிறகு மறுபடி காய்ச்சலாக வரும். அதைத் தீர்க்க பிரைமாகுயின் 14 நாள் சாப்பிட வேண்டும். அதாவது நோயே தெரியாத உடம்போடு இரண்டு வாரம். கொரியப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கப்பலிலேயே தினமும் ஒரு மாத்திரை கொடுத்து முடித்துவிட்டார்கள். கடல் நடுவில் எங்கே ஓடுவது? ஊரில் அது நடக்காது.

அதனால் நாளைக் குறைக்கும் முயற்சி நடக்கிறது. தகுந்த அளவு கூட்டி 7 நாளில் முடிக்கலாம் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஒரே வேளையில் முடியும் டஃபினோகுயின் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மருந்துகள் ரத்த அணுக்களை உடைத்துவிடும். எனவே ஒரு வேளை மாத்திரைக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை அவசியம். மாத்திரை எண்ணிக்கை குறைந்தது, பரிசோதனைக் கருவியைக் கிராமத்துக்குக் கொண்டுபோகும் வேலை கூடியது.

கடைசியாக...

ஆர்டெமிசினினுக்கும் மெல்ல மெல்ல அடங்காத கிருமிகள் முதலில் கம்போடியாவிலும், பிறகு ருவாண்டா, உகாண்டா போன்ற நாடுகளிலும் தலைகாட்டிவிட்டன. அடுத்த மருந்தும் ஒருநாள் வரும். வரும்போது சோதனைச்சாலையில் அது எத்தனை சதவீதம் வேலை செய்தது என்று பத்திரிகைகள் எழுதும். அதோடு இன்னும் மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? எந்த அளவில் கட்டி விற்பார்கள்? காய்ச்சல் விட்ட மறுநாள் அந்த வீட்டுக்கு யார் போய்ப் பார்ப்பார்கள்?

காலணா பொட்டலம் முதல் பச்சை இலை அட்டை வரை, ஜனங்களுக்குப் புத்தி சொன்ன திட்டங்களைவிட, அவர்கள் செய்ய வேண்டிய வேலையைக் குறைத்த திட்டங்களே அதிகம் சாதித்திருக்கின்றன. பாதி மாத்திரையை முந்தானையில் முடிந்து வைக்கும் தாய்க்குத் தேவை அறிவுரை அல்ல. அடுத்த காய்ச்சலுக்கும் மருந்து நிச்சயமாகக் கிடைக்கும் என்று அவளுக்கு நம்பிக்கை வர வேண்டும். அந்த நம்பிக்கை வந்துவிட்டால், அவள் ஏன் மிச்சம் பிடிக்கப் போகிறாள்?